வீட்ல படிச்சுக்கோங்க

2003ஆம் வருஷம் நான் பத்தாம் வகுப்பு. ரமணாசிரமத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் காலனி. பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் வந்த அன்று டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "இதுல பெருசா கேள்வி ஒண்ணும் வராது. வீட்ல படிச்சுக்கோங்க" என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார். நாங்களும் புரட்டினோம். பையன்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. பொம்பளப் பிள்ளைகள் பக்கம் குனிந்த தலை நிமிரவில்லை.

வீட்ல யார்கிட்ட படிக்கிறது? எங்க வீட்ல எழுத்துக் கூட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான்.

அதே வருஷம் ஊர்ச் சுவரெல்லாம் ஒரு கேள்வி எழுதியிருந்தது. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' பஸ்ஸின் முதுகில், டீக்கடைப் பக்கத்துச் சுவரில், எங்கு பார்த்தாலும் புள்ளிராஜா. புள்ளிராஜா யார், அவனுக்கு ஏன் எய்ட்ஸ் வரணும், எப்படி வரும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் பேசவில்லை. ஆனால் எங்கள் வகுப்பில் கொஞ்சம் கறுப்பாய், அழுக்குச் சட்டையோடு வருகிற பையனுக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். அவன் எங்கள் காலனிப் பையன் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நான் வயசுக்கு வந்தேன். மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து வீட்டுக்குப் பின்னால் குச்சு கட்டினார். தனித் தட்டு, தனிச் சொம்பு, பாய்க்குப் பக்கத்தில் இரும்புத் துண்டு ஒன்று. சடங்கன்று மைக் செட் கட்டினார்கள். பத்திரிகை அடித்தார்கள். வரிசைத் தட்டு வந்தது. ஊருக்கே சொன்னார்கள். எனக்கு மட்டும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லவில்லை. ரத்தம் எங்கிருந்து வருது, ஏன் வருது, எப்ப நிக்கும்? குச்சுக்குள் படுத்துக்கொண்டு, நான் சாகப்போகிறேன், அதுக்குத்தான் இவ்வளவு பேர் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தேன். மறுபடி பள்ளிக்குப் போனபோது ஒரு டீச்சர் மற்றப் பிள்ளைகள் கேட்கும்படியாகவே சொன்னார்: "காலனிப் பிள்ளைங்க சீக்கிரம் வயசுக்கு வந்துடுதுங்க. இனிமேயாவது அடக்கமா இரு." பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பில் எனக்குக் கிடைத்த பாலியல் கல்வி இந்த ஒரு வாக்கியம்தான்.

தீட்டு என்ற ஒரே சொல்லை வைத்து இரண்டு வேலை நடக்கிறது. ஊருக்கு வெளியே சேரி, வீட்டுக்கு வெளியே குச்சு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டைப் பக்கம் அணைக்காட்டில், புதிதாக வயசுக்கு வந்த ஒரு சின்னப் பெண்ணைத் தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் விழுந்து செத்துப்போனாள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் குச்சின் பச்சை ஓலை வாசனைதான் வந்தது. பச்சை ஓலையை நம்பி ஒரு பிள்ளையை வெளியே விடுகிற துணிச்சல் நமக்கு இருக்கிறது. வகுப்பில் ஒரு படத்தை வரைந்து காட்டுகிற துணிச்சல்தான் இல்லை.

இனி என் அம்மா கதை. ரமண நகரில் வாடகைக்கு இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வீட்டில் அம்மா பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பகுதியில் பாதிப் பெண்களுக்கு இதுதான் பிழைப்பு. உலகமெல்லாம் இருந்து 'நான் யார்' என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களின் வீட்டைப் பெருக்குவது. அந்த அம்மாவுக்கு ஏழெட்டு வயதில் ஒரு பெண். அந்தக் குழந்தைக்கு ஒரு படப் புத்தகம். குழந்தை எப்படி உண்டாகிறது, எங்கே வளர்கிறது, எப்படி வெளியே வருகிறது என்று பக்கம் பக்கமாகக் கலர்ப் படம். எழுத்து என்ன பாஷையோ தெரியாது. அவர்கள் ஊருக்குப் போகும்போது பழைய சாமான்களோடு அதையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். "வெக்கங்கெட்ட ஜனங்க, பச்சப் புள்ளைக்கு இதக் காட்டுறாங்களே" என்று திட்டிக்கொண்டேதான் அம்மா அதைக் கொண்டுவந்தார். திட்டியவர் தூக்கிப் போடவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தார்.

ஒரு மத்தியானம் நான் பார்க்கிறேன், அம்மா வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைத் தொடையில் வைத்துக்கொண்டிருக்கிறார். கருப்பை படம். இரண்டு பக்கமும் குழாய். விரலை அந்தக் குழாயின் மேல் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "இதத்தான் கட்டுனாங்களாடி?"

என் தங்கை பிறந்த மூன்றாம் நாள் அம்மாவுக்குக் கு.க. ஆபரேஷன். அப்போது அவருக்கு இருபத்து நாலோ இருபத்தஞ்சோ. ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தை நீட்டிக் கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். என்ன பண்ணப் போறோம் என்று ஒரு வார்த்தை இல்லை. "இனிமே புள்ள பொறக்காது" என்றார்களாம், அவ்வளவுதான். மூன்று பிள்ளை பெற்று, வயிற்றைக் கிழித்துத் தைத்து, அதற்கப்புறம் பதினொரு வருஷம் கழித்து, ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் பழைய புத்தகத்தில் என் தாய் தன் உடம்பை முதல்முதலாகப் பார்த்தார்.

நான் தமிழ் எம்.ஏ. படிக்கப் போனதும், இயக்கத்துக்கு வந்ததும் பிறகு. ஆனால் இந்த வரலாற்றைத் தேடத் தொடங்கியது அந்த வாசற்படியில்தான்.

அம்மாவின் வயிற்றுக்கு அரசாங்கம் வந்துசேர்ந்த வழி நீளமானது. குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாகவே எடுத்துக்கொண்ட முதல் நாடுகளில் ஒன்று இந்தியா. 1952லேயே தொடங்கிவிட்டார்கள். அதிலும் நம் சென்னை மாநிலம் ஒரு படி முன்னால். ஆபரேஷன் செய்துகொள்கிற ஏழைகளுக்குப் பணம் கொடுக்கிற வழக்கத்தை 1950களின் பிற்பாதியிலேயே இங்கே ஆரம்பித்தார்கள். ஆள் பிடித்துக் கொடுப்பவருக்கும் பணம் உண்டு. அப்புறம் சிவப்பு முக்கோணம், நாமிருவர் நமக்கிருவர். 1968இல் நிரோத் வந்தது, மூன்று பதினைந்து பைசா. 1975-77 அவசரநிலைக் காலத்தில் வடக்கே ஆண்களை லாரியில் அள்ளிக்கொண்டுபோய் அறுத்தார்கள். அதனால் ஆட்சியே கவிழ்ந்தது. அதற்கப்புறம் ஆண்களைத் தொடப் பயம். பாரம் முழுவதும் பெண்கள் மேல் இறங்கியது. எந்தப் பெண்கள்? அரசு ஆஸ்பத்திரியை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத பெண்கள்.

1980இல் பள்ளிகளுக்கு 'மக்கள்தொகைக் கல்வி' என்று ஒன்று வந்தது. உடம்பைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஜனத்தொகைப் பெருக்கத்தின் தீமைகள் என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். நாங்களும் எழுதியிருக்கிறோம். நாடு ஏழையானதற்கு ஏழைகள் பிள்ளை பெற்றதுதான் காரணம் என்று, மூன்றாவது பிள்ளையாய்ப் பிறந்தவளே எழுதிப் பத்துக்கு எட்டு மார்க் வாங்கினாள்.

சில வருஷங்களுக்கு முன் பஞ்சமி நில மீட்புக் கூட்டமொன்றில் இதை எடுத்துப் பேசினேன். நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளில் பாலியல் கல்வி கேட்டு நாம் போராட வேண்டும் என்றேன். ஒரு மூத்த தோழர், நான் மதிக்கிறவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா, முதல்ல நெலம் வரட்டும். இதெல்லாம் மெட்ராஸ் கான்வென்ட் அம்மாக்கள் சமாச்சாரம். நம்ம பொண்ணுங்க மானத்த நாமே சந்திக்கு இழுக்கக் கூடாது." கைதட்டல் அவருக்குத்தான். அவருக்கு அன்றைக்கு நான் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

1934, பம்பாய். ஆர்.டி. கார்வே என்று ஒரு மனிதர். விதவைப் பெண்களின் கல்விக்குப் பாடுபட்ட தோண்டோ கேசவ் கார்வேயின் மகன். கணிதப் பேராசிரியராக இருந்தவர், கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசியதற்காக வேலையை விட வேண்டிவந்தது. 1921லேயே பம்பாயில் கர்ப்பத்தடை ஆலோசனை நிலையம் வைத்தவர். 1927இலிருந்து 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்திப் பத்திரிகையை நடத்தினார். வாசகர்கள் உடம்பைப் பற்றி, ஆசையைப் பற்றி, சுயஇன்பத்தைப் பற்றி, ஒருபாலுறவைப் பற்றிக் கேள்வி அனுப்புவார்கள். இவர் அறிவியல் தெரிந்தவரையில் ஒளிக்காமல் பதில் எழுதுவார். ஆபாசம் என்று வழக்குப் போட்டார்கள். ஒரு தடவை அபராதம் கட்டினார். 1934இல் மறுபடி வழக்கு. அந்த வழக்கில் கார்வேக்காக நீதிமன்றத்தில் நின்று வாதாடிய பாரிஸ்டர் யார் தெரியுமா? டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்.

காலத்தை நினைத்துப் பாருங்கள். மகத் குளம் 1927இல். பூனா ஒப்பந்தம் 1932இல். மூன்று வட்டமேஜை மாநாடுகளும் முடிந்திருந்தன. தலைக்கு மேல் வேலை இருந்த ஒரு மனிதர், கையில் காசில்லாத ஒரு பத்திரிகைக்காரருக்காக, அதுவும் நாலு பேர் முகம் சுளிக்கிற விஷயத்துக்காக, கோர்ட்டு ஏறுகிறார். 'இதெல்லாம் அப்புறம்' என்று அவர் சொல்லவில்லை. அவர் வைத்த வாதத்தின் சாரம் இதுதான்: ஜனங்கள் மனசாரக் கேட்கிற கேள்விக்குப் பாலியல் கல்விக்கென்றே நடக்கிற பத்திரிகை பதில் சொல்லாமல் வேறு யார் சொல்வது? கேள்வியே விகாரம் என்று நீங்கள் சொன்னால், விகாரத்தைப் போக்க அறிவைத் தவிர வேறு என்ன வழி? வழக்கு தோற்றது. கார்வேக்கு இருநூறு ரூபாய் அபராதம். பத்திரிகை நிற்கவில்லை. 1953இல் அவர் சாகிற வரைக்கும் வந்தது.

அம்பேத்கரும் அதோடு விடவில்லை. 1938 நவம்பர் 10, பம்பாய் சட்டமன்றத்தில் கர்ப்பத்தடை வசதிகளை அரசே ஏற்படுத்த வேண்டும் என்ற தீர்மானம். அன்றைக்கு அவரால் அவைக்கு வர முடியவில்லை. அவர் பேச வேண்டியதை பி.ஜே. ரோஹம் பேசினார். அதுவும் தோற்றது. 1942 ஜூலையில் நாக்பூரில் தாழ்த்தப்பட்ட பெண்கள் மாநாடு. ஆயிரமாயிரம் பெண்கள் கூடிய அந்தக் கூட்டத்தில் அவர் பேசியதைப் படித்தால், இன்றைக்கு 'உறவுமுறைக் கல்வி' என்று எதைச் சொல்கிறார்களோ அதன் பாடத்திட்டம் அங்கே இருக்கிறது. கல்யாணத்துக்கு அவசரப்படாதே, பிள்ளைகளை வதவதவென்று பெறுவது குற்றம், புருஷனுக்குத் தோழியாக, சமமானவளாக நில், அடிமையாக இருக்க மறுத்துவிடு. பெற்றவர்கள் பிள்ளைகளின் மேல் கல்யாணத்தைத் திணிக்கக் கூடாது என்றும் சொன்னார். அந்தப் பெண்கள் யார்? மில்லிலும் வயலிலும் கூலி வேலை பார்த்து வந்தவர்கள். கான்வென்ட் அம்மாக்கள் இல்லை.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு சரடு இருந்தது. 1930 வாக்கில் 'குடி அரசு' கர்ப்பத்தடையை எழுதத் தொடங்கியபோது பெரியார் ஒரு வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டினார். மற்றவர்கள் உடல்நலத்துக்கு, குடும்பச் சொத்துக்கு, தேசத்தின் வறுமைக்கு என்று காரணம் சொல்கிறார்கள். நமக்குப் பெண்ணின் விடுதலைதான் காரணம் என்றார். தலித் பெண்களை அவர் இயக்கம் எங்கே வைத்தது என்பதில் எனக்குக் கணக்குத் தீராத விமர்சனம் உண்டு, அது வேறு கட்டுரை. ஆனால் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுதந்திரத்துக்கப்புறம் வந்த அரசாங்கம் கருவியை மட்டும் எடுத்துக்கொண்டது. காரணத்தைக் கீழே போட்டுவிட்டது. அம்மாவின் குழாயைக் கட்டினார்கள், எதற்கு என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை அரசாங்கத்துக்கு நம் உடம்பு ஞாபகம் வந்தது 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், பாலியல் தொழில் என்று பிடித்து அடைத்து வைத்திருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்து வேலூரில் சோதித்துப் பார்த்தார்கள். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த இரண்டு பெண் மருத்துவர்களும் செய்தது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்த 'பள்ளி எய்ட்ஸ் கல்வி' முழுக்கப் பயத்தால் எழுதப்பட்டது. உடம்பு என்றால் நோய். ஆசை என்றால் சாவு. புள்ளிராஜா அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான்.

பள்ளிக்கு வெளியே கற்றுக்கொடுக்க ஆள் இல்லாமலா போயிற்று? பையன்களுக்கு பஸ் ஸ்டாண்டுக் கடையில் 'சரோஜாதேவி' புத்தகம். வாலிப வயதில் செய்த தவறால் நரம்பு தளர்ந்ததா என்று நோட்டீஸ் ஒட்டி, மாசத்தில் ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காருகிற வைத்தியர். கூலி வேலை செய்கிற பையன்கள் ஒரு வாரச் சம்பளத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். என் பெரியம்மா மகன் அப்படி இரண்டு வருஷம் லேகியம் தின்றான். அவனுக்கு ஒரு வியாதியும் இல்லை. கனவில் ஈரமாவது எல்லா ஆம்பளைக்கும் நடக்கிறது என்று ஒருத்தர் சொல்லியிருந்தால் அந்தக் காசில் ஒரு ஆடு வாங்கியிருப்பான். இதற்கு நடுவில் விஜய் டிவியில் ராத்திரி நேரத்தில் டாக்டர் மாத்ருபூதம் 'புதிரா புனிதமா' என்று சிரிக்கச் சிரிக்கப் பேசினார். பெரிய உபகாரம். ஆனால் காலனியில் அப்போது டிவி இருந்த வீடு நாலு. அதை எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்க்க முடியுமா?

2007இல் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நலத்துறை ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில் 53 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானவர்கள். குற்றவாளிகளில் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியவர்கள். சரி, இனியாவது பள்ளியில் பேசுவார்கள் என்று பார்த்தால், அதே வருஷம்தான் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் என்று வரிசையாக மாநிலங்கள் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தடை செய்தன. காரணம், நம் பண்பாடு. இதில் கட்சி வித்தியாசம் பார்க்காதீர்கள், மகாராஷ்டிரத்தில் அப்போது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. கார்வேக்காக அம்பேத்கர் கோர்ட்டு ஏறிய அதே பம்பாய். 2009இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளியில் பாலியல் கல்வியே கூடாது, நல்லொழுக்கம் சொல்லிக்கொடுங்கள் என்று அறிக்கை கொடுத்தது. தமிழ்நாட்டில் தடைக்கு அவசியமே இல்லை. பக்கத்தைப் புரட்டினால் போதும்.

பண்பாடு என்றதும் தமிழ் படித்தவளுக்குச் சிரிப்புத்தான் வருகிறது. தொல்காப்பியத்தில் களவியலுக்கு அப்புறம்தான் கற்பியல். வள்ளுவர் மூன்றாவது பாலுக்கு 25 அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். 2016இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை பள்ளிகளில் திருக்குறளைக் கட்டாயம் நடத்த உத்தரவிட்டபோது 108 அதிகாரங்கள் என்று சொன்னது. 133இல் 108 போனால் மீதி எவ்வளவு? சரியாக அந்த 25தான். எங்கள் ஊர் அருணகிரிநாதர் கதையைக் கேளுங்கள். பெண்பித்துப் பிடித்துச் சொத்தழித்து, நோய் வந்து, வல்லாள கோபுரத்திலிருந்து குதித்தார் என்று பக்திச் சொற்பொழிவில் குழந்தைகளை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு சொல்வார்கள். முருகன் வந்து தாங்கிக்கொள்வதால் அது ஆபாசமாகாது. கார்த்திகை தீபத்தன்று பாதி பெண்ணான அர்த்தநாரீசுவரர் ஒன்றிரண்டு நிமிஷம் வெளியே வந்து உள்ளே போய்விடுவார், அதைப் பார்க்க லட்சம் பேர் நெரிவார்கள். பாதி உடம்பு பெண் என்று கும்பிடத் தெரிந்த ஊர் இது.

வெளிநாட்டுச் சரக்கு என்கிறார்கள். எங்கள் ஊருக்கு டென்மார்க் மிஷனரிகள் வந்து பைபிளும் பள்ளிக்கூடமும் வைத்தார்கள். வட ஆற்காட்டுச் சேரிகளில் எங்கள் பாட்டன்மார் எழுத்தைத் தொட்டதில் மிஷன் பள்ளிகளுக்குப் பங்கு உண்டு. அந்த டென்மார்க் 1970இல் தன் பள்ளிகளில் பாலியல் கல்வியைக் கட்டாயமாக்கியது. சுவீடன் 1955லேயே செய்துவிட்டது. அந்த ஒரு பாடம் மட்டும் கப்பலேறவில்லை. சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடும் என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டி உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தக் கல்வியால் பிள்ளைகளின் உடலுறவு கூடவில்லை என்றே சொல்கிறது.

ஆனால் இந்த மௌனத்தை வெறும் கூச்சம் என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் காலியாக விட்ட அந்த இடத்தில் சாதி வந்து உட்கார்ந்து பாடம் நடத்துகிறது. யாரைத் தொடலாம், யாரோடு பேசலாம், யாரைக் கட்டலாம், கட்டினால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் அதனிடம் தெளிவான பாடத்திட்டம் இருக்கிறது. பையன்களின் மணிக்கட்டில் கட்டியிருக்கிற கலர்க் கயிறு அதில் முதல் பாடம். 2012 நவம்பர் 7, எங்களுக்கு அடுத்த தர்மபுரி மாவட்டத்தில் ஒரு காதல் கல்யாணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று காலனிகளைக் கொளுத்தினார்கள். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள். பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் ஊர் ஊராகப் போய், ஜீன்ஸும் டீசர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். 'நாடகக் காதல்' என்று ஒரு சொல்லே உண்டாயிற்று. அடுத்த ஜூலையில் இளவரசன் ரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தான். 2015இல் கோகுல்ராஜ். 2016இல் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டில், பட்டப்பகலில், சங்கர். காதல் என்றால் என்ன, சம்மதம் என்றால் என்ன, ஒருத்தி வேண்டாம் என்றால் எப்படி விலகுவது, வேண்டும் என்றால் எப்படிக் கூட நிற்பது என்று ஒரு பீரியட் கூட நடத்தாத நாட்டில், 'நாடகக் காதல்' வகுப்பு மட்டும் தெருத்தெருவாக நடந்தது. பசங்க நல்லா படிச்சாங்க.

மூன்றாவதாக இப்போது சட்டம் வந்திருக்கிறது. 2012 போக்சோ. அது வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும், சந்தேகமே இல்லை. 2021இல் சென்னையிலும் கோவையிலும் பள்ளிகளில் நடந்தவை வெளியே வந்தபிறகு 1098, 14417 எண்கள் பள்ளிச் சுவரிலும் புத்தகத்திலும் ஏறின. 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் உடம்பின் பாகத்துக்குப் பெயரே சொல்லித்தராமல் எதைப் புகார் எழுதச் சொல்கிறீர்கள்? அதே சட்டம் மறுபக்கம் எங்கள் பையன்களின் கழுத்துக்கும் வருகிறது. ஊர்ப் பெண் பதினேழு வயதில் காலனிப் பையனோடு போனால் வீட்டார் முதலில் தேடுவது இந்தப் பிரிவைத்தான். ஒன்றையொன்று விரும்பிய இளவயதினரைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர்நீதிமன்றமே 2021இல் ஒரு வழக்கில் சொல்ல வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், பாலியல் கல்வி மேல்நாட்டுச் சரக்கு என்ற எண்ணமே தப்பு, முறையாக நடத்துங்கள் என்றது. தீர்ப்பைப் படித்துவிட்டு அந்த மூத்த தோழருக்குத்தான் முதலில் போன் போட்டேன். "கோர்ட்டு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். 1934இல் கோர்ட்டு வேறு மாதிரி சொன்னதே ஐயா என்றேன். சிரித்தார்.

இப்போதைய எட்டாம் வகுப்பு அறிவியலில் 'வளரிளம் பருவமடைதல்' என்று தனிப் பாடமே இருக்கிறது. எங்கள் காலத்துக்கு அது இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சுரப்பி, மாதவிடாய், சத்துணவு, சுத்தம் எல்லாம் உண்டு. 2012இல் தொடங்கிய 'புதுயுகம்' திட்டத்தில் நாப்கினும் பள்ளியிலேயே கொடுக்கிறார்கள். ஆனால் பக்கம் புரட்டுகிற கை அதேதான். நாங்கள் கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில் நடத்துகிற மாலை வகுப்பில், வெவ்வேறு பள்ளிகளில் படிக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்பது பேர். பாடம் நடத்தினாங்களா என்று கேட்டேன். ரெண்டு பேர் ஆமாம் என்றார்கள். மற்ற ஏழு பேரில் ஒருத்தி, கொஞ்சம் தைரியசாலி, டீச்சர் மாதிரியே குரலை மாற்றிச் சொல்லிக் காட்டினாள்: "வீட்ல படிச்சுக்கோங்க."

வகுப்பில் ஒரு பழைய பூஸ்ட் டப்பா வைத்திருக்கிறோம். பெயர் எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் எழுதிப் போடுங்கள் என்று சொன்னோம். முதல் வாரம் டப்பாவில் கிடந்தது ஒரு சாக்லேட் பேப்பர். இரண்டாம் வாரம் நாலு சீட்டு. இப்போது வாரத்துக்குப் பதினைந்து இருபது. 'எனக்கு இன்னும் வரல, நான் பொண்ணு இல்லையா?' 'ஒரு பொண்ணு பார்த்து சிரிச்சா லவ்வா?' 'அம்மாவ அப்பா அடிக்கிறது செக்ஸா?' இந்தக் கடைசிச் சீட்டை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். 'மாமா மடியில உக்காரச் சொல்றாரு, வேணாம்னா கோவிச்சுக்குவாரா?' இதை எழுதியது யார் என்று கண்டுபிடிக்க மூன்று வாரமானது. கையெழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை. உடம்பில் யார் தொட்டாலும் வேண்டாம் என்று சொல்லலாம், மாமனாய் இருந்தாலும் சொல்லலாம் என்று வகுப்பில் பேசிய மூன்றாவது தடவை அந்தப் பிள்ளை வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றது. 1098க்கு அதுவும் நானும் சேர்ந்துதான் போன் செய்தோம்.

அதற்கப்புறம் காலனியில் பேச்சு வந்தது. எங்கள் ஆட்களே வந்தார்கள். குடும்ப விஷயத்தை வெளியே கொண்டுபோயிட்டே, நாளைக்கு அந்தப் பொண்ண எவன் கட்டுவான் என்றார்கள். ஊர்க்காரன் நம்மைப் பார்த்துச் சொன்ன அதே மானக் கணக்கை நம் ஆம்பளைகள் நம் பெண்களுக்குப் போடுகிறார்கள். இதைத் தலித் பத்திரிகையில் எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

அம்மா அந்தக் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து அந்தப் படப் புத்தகத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அட்டை போயிருந்தது, நடுவில் கரையான் அரித்திருந்தது, கருப்பை பக்கம் முழுசாக இருந்தது.

வருகிற ஞாயிறு அந்த எட்டாம் வகுப்புப் பாடத்தை மாலை வகுப்பிலேயே நடத்துகிறோம், பையன்களையும் பெண்களையும் சேர்த்தே உட்கார வைத்து. ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் ஒருத்தர் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். அப்பாக்கள் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் தகராறு பண்ணத்தான் வருகிறார்கள். நாற்காலி போட்டு வைக்கிறோம்.